வசனம் இல்லாத நாடகம்

திரையில் ரிஷி இன்னொரு முறை செத்துக்கொண்டிருந்தான். சரக்கு லிப்டின் நிழல் கீழே இறங்கியது. குனிந்திருந்த மனித நிழல் அதற்கடியில் மறைந்தது.

விளக்கைப் பிடித்திருந்த வைஷ்ணவி திரையைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்த மேனேஜர் தியாகராஜனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தம்பி ரிஷியைக் கொன்றவர் அவர்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மலேசியாவில், கம்பெனியின் கிள்ளான் கிடங்கில் நடந்தது அந்த விபத்து. ரிஷி தனியாக இருந்தான், லிப்ட் பட்டனை அவனே அமுக்கிவிட்டான் என்று கம்பெனி கதையை முடித்துவிட்டது. ஒரு வார்த்தை பேசினாலும் வழக்கு என்று வக்கீல் கடிதம் வேறு.

வார்த்தைதானே கூடாது? வெளிச்சம், நிழல், சத்தம் மட்டும் வைத்து நாடகம் போட்டாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன ஹால் பிடித்து, மேனேஜருக்கும் அழைப்பு அனுப்பினாள். அவள் வாய் தவறி ஒரு வார்த்தையாவது வராதா, வழக்கில் பிடித்துவிடலாம் என்று அவரும் வந்துவிட்டார்.

சத்தத்துக்குச் சுகுமாறன். ரிஷியோடு வேலை செய்தவன். விபத்தன்று லீவு போட்டுவிட்டுச் செமினியில் தன் வீட்டில் இருந்ததாகச் சொல்லியிருந்தான். லிப்ட் மோட்டார் சத்தத்தைப் பதிவு செய்து வந்தவனும் அவன்தான்.

ஒத்திகையின்போதே வைஷ்ணவி கேட்டாள். "மோட்டார் சத்தம் ரொம்ப இழுக்குதே சுகு, நாலு செகண்ட் போதாதா?"

"இல்லக்கா, ஒன்பது செகண்ட். குறைக்காதீங்க."

வேலை தெரிந்தவன் சொல்கிறான் என்று விட்டுவிட்டாள்.

நாடகம் முடிந்ததும் தியாகராஜன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நல்ல ஷோம்மா. ஒரு வார்த்தை கூட இல்ல லா. குட்."

எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நடந்து போனார். ஆறு மாத உழைப்பு. அந்த முகம் ஒரு தடவை கூடச் சுருங்கவில்லையே என்று வைஷ்ணவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சவுண்ட் மேசையில் சுகுமாறன் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். தோள்கள் குலுங்கின. பாவம், இவனுக்காவது ரிஷி மேல் பாசம் இருக்கிறது என்று அவள் பக்கத்தில் போய் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"விடுடா சுகு. அந்தாளுக்கு மனசாட்சியே இல்ல. நாளைக்கும் ஷோ இருக்கு, போடுவோம்."

"நாளைக்கு இன்னொரு சத்தம் சேர்க்கணும்க்கா."

"இன்னும் என்ன சத்தம்? மோட்டார்தான் இருக்கே."

அவன் நிமிரவில்லை.

"அந்த ஒன்பது செகண்டும் ரிஷி 'நிப்பாட்டு சுகு, நிப்பாட்டு'ன்னு கத்திக்கிட்டே இருந்தான்க்கா."