மாமாவின் கார், மருமகனின் மானம்

நடு ஹாலில் பாய் விரித்து, அதன் மேல் கிடந்ததை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். பக்கத்தில் ஹமீட் தலையில் கை வைத்துக் குந்தியிருந்தான். கறிவேப்பிலை கேட்டு வந்த ஹப்ஸா ராத்தா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“இன்னாலில்லாஹி... ஆரு புள்ள மவுத்து?”

“ஆருமில்ல ராத்தா. வாப்பாட காரு,” என்றாள் ஹமீடின் மனைவி ஹுஸ்னியா.

துணிக்குக் கீழே கிடந்தது எஞ்ஜினின் கிராங் சாஃப்ட். தூசு படக்கூடாதென்று போர்த்தியிருந்தார்கள். எஞ்ஜினின் மீதி, பேசினிலும் சுளகிலுமாக ஹால் முழுக்கப் பரவியிருந்தது.

“ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க ராத்தா,” என்றான் ஹமீட்.

“நான் ஏன் சொல்லப்போறன்?” என்று அவள் போனாள். அஸர் தொழுகைக்கு முன் பாதிச் சாய்ந்தமருது ஊருக்குத் தெரிந்துவிட்டது.

கார் மாமனார் அச்சிமுகம்மதுவின் உயிர். சுனாமி அதைத் தூக்கிப் பக்கத்துத் தெரு மதிலில் ஏற்றி வைத்தபோதும், கழுவித் துடைத்து மறுபடி ஓட்டினவர். சண்டை முடிந்து பாதைகள் திறந்ததும் நாற்பது நாள் ஜமாஅத்தில், ஊர் ஊராக மார்க்கம் சொல்லப் புறப்பட்டார். போகும்போது சாவியை ஹமீடிடம் கொடுத்து, “காரை ஒருத்தரும் தொடப்படாது” என்றார். நாளை மறுநாள் திரும்பி வருகிறார்.

ஹமீட் தொடவேயில்லை. போன கிழமை, பற்றரி இறங்கிவிடுமே என்று ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினான். உள்ளேயிருந்து யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல் டொக்கு, டொக்கு. கராஜுக்குக் கொண்டுபோனால் மாமனாரின் காதுக்குப் போய்விடும். பாண்டிருப்பிலிருந்து, எஞ்ஜின் வேலை தெரிந்த கூட்டாளி துசாந்தை வரவழைத்து, மாமரக் கிளையில் சங்கிலி போட்டு எஞ்ஜினைத் தூக்கினான்.

துசாந் பழைய பெயாரிங்குகளைக் கையில் எடுத்துக் காட்டினான். பிளந்த வளையல்போல இருந்த அவை கறுத்துத் தோலுரிந்திருந்தன.

“மச்சான், இது சும்மா நிண்ட காரில்ல. ஒயில் குறைஞ்சு லைட் பத்தினதும் தெரியாம நல்லா ஓடி எரிச்சிருக்கு. நீதானே?”

“அல்லாஹ் மேல சத்தியமா இல்லடா. சாவி அந்தா, ஆணியில தொங்குது.”

“அப்ப ஆணியா ஓடினது?”

“போன வெள்ளி ஜும்ஆ முடிஞ்சு வந்து பொனட்டில கை வெச்சன்டா. சுட்டிச்சு.”

“வெயிலுக்குச் சுடாதா?”

“கொட்டிலுக்குள்ள ஏதுடா வெயில்? எனக்கெண்டா இது ஜின்னுட வேலை மாதிரித்தான் இரிக்கி.”

அறைத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது. அந்த வீட்டில் மாமி மருமகனோடு நேரே கதைக்கிற வழக்கமில்லை. கலியாணம் முடிந்து நாலு வருடமாக எல்லாம் ஹுஸ்னியா வழியாகத்தான்.

“மகள், அவருட்டச் சொல்லு. ஜின்தான். கார் கீர் எல்லாம் ஓட்டும்.”

“உம்மாட்டக் கேளு ஹுஸ்னியா, ஜின்னுக்குக் கியர் போடத் தெரியுமா எண்டு.”

“படிச்சாத் தெரியாதா எண்டு கேளு மகள்.”

“ரெண்டு பேருக்கும் காது கேக்குதுதானே?” என்றாள் ஹுஸ்னியா. “நான் என்ன, ரேடியோவா?”

அன்று பகல் நண்டுக் கறி, அவிச்ச முட்டை, வட்டிலப்பம் என்று ஹமீடுக்குத் தட்டு நிறைந்து வந்தது.

“உம்மாக்கு உங்கள்ள திடீரெண்டு இரக்கம்,” என்றாள் ஹுஸ்னியா.

“தூக்கில போட முதல் குடுக்கிற சாப்பாடு இது. இந்த ஊடு உன்ட. கார் உன்ட வாப்பாட. என்ட எண்டு இரிக்கிறது மானம் ஒண்டுதான். ஊட்டோட வந்த மாப்பிள்ள காரை எரிச்சிட்டான் எண்டு ஊர் கதைச்சா, நான் எங்க போய்ப் படுக்கிற?”

சாஃப்டை ஏற்கனவே அக்கரைப்பற்றில் லேத்தில் கடைந்தாயிற்று. அந்த அளவுக்குப் புதுப் பெயாரிங்கும் துசாந் வாங்கி வந்திருந்தான். ஒவ்வொரு பெயாரிங் மூடியாக இறுக்கி, சாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தார்கள். மூன்றாவது மூடியோடு அது அசைய மறுத்தது.

“மூடியை மாறித் திருப்பிப் போட்டிருக்காய், மச்சான்!” என்று துசாந் தலையில் அடித்துக்கொண்டு, அதைக் கழற்றி நேராக மாட்டினான்.

திரைக்குப் பின்னால் தஸ்பீஹ் மணிகள் வேகமாக உருண்டன.

மறுநாள் அஸர் முடிந்து, எஞ்ஜின் காருக்குள் ஏறியது. ஒயில் ஊற்றினார்கள். ஹமீட் பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பினான்.

ஒரு டொக்கும் இல்லை. பொனட்டின் மேல் வைத்த தேத்தண்ணிக் கோப்பைகூட அசையவில்லை. துசாந் விசிலடித்தான். ஹமீடுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஹுஸ்னியா! உம்மாட்டச் சொல்லு, மாமாக்கு ஒண்டும் தெரியவேணாம். எந்த ஜின் ஓடினதெண்டு நானும் தேடமாட்டன்.”

கொட்டில் பக்க ஜன்னலின் திரைச்சீலை மெல்ல அசைந்தது. ஹுஸ்னியா வாய் திறக்கும் முன்பே, நாலு வருடத்தில் முதல் தடவையாக, மாமி நேரே கதைத்தார்:

“மருமகன், கார் ஓடக்குள்ள தேத்தண்ணிக் கேத்தல் மாதிரிச் சிவப்பு லைட் ஒண்டு பத்தினா, நிப்பாட்டணுமா?”