திரும்பக் கூடாது

இரங்கல் கூட்டத்தில் முதலில் எழுந்தவர் பல் டாக்டர். இறந்தவள் செய்த தப்பு என்னவென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்தவர் வேறொரு தப்பைச் சொன்னார்.

அவளுடைய கணவர் இரண்டாவது வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில், கைகளை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவர். பல்பு மாட்ட ஸ்டூல் மேல் ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும். மனைவிதான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆகாயத்துக்குப் போய்விட்டு, வரும் வழியில் காய்கறி வாங்கி வருவாள்.

போன ஞாயிறு விமான கிளப்பின் ஆண்டு விழா. வருடமெல்லாம் சும்மாக் கிடக்கும் புல்வெளியில் கூடாரம் போட்டால், தலைக்கு மேல் விமானம் போவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம் என்று கிளப் தலைவருக்குத் தோன்றியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

அதே கூடாரத்தில்தான் இன்றைய கூட்டமும். கிளப் கட்டிடத்தை விசாரணைக்காரர்கள் பூட்டிவிட்டார்கள். ‘வருக வருக’ பேனரை மட்டும் யாரோ மரியாதையாகத் திருப்பிக் கட்டியிருந்தார்கள். வெயில் பட்டதும் அது இடவலம் மாறி வரவேற்றது.

பறக்கிறவர்கள் அழ மாட்டார்கள், ஆராய்வார்கள் என்பது கணவருக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது.

செத்தவர் ஏதாவது ஒரு தப்பு செய்திருந்தாக வேண்டும். அதுவும் இங்கே உட்கார்ந்திருக்கிற யாரும் செய்யவே மாட்டாத தப்பாக. இல்லாவிட்டால் வரும் ஞாயிறு ஒருவரும் மேலே போக முடியாது.

ஒருவர் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும், பார்க்காமல் கிளம்பியிருப்பாள் என்றார். இன்னொருவர், அவள் முந்தின ராத்திரி சரியாகத் தூங்கியிருக்க மாட்டாள் என்றார், பக்கத்தில் படுத்திருந்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பதை மறந்து. ஒருமுறை மேகத்துக்குள் நுழைந்து வேறு ஊரில் போய் இறங்கியதால் ‘மேகம்’ என்று பேர் வாங்கியவர், நிதானத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். பல வருடங்களாகத் தரையை விட்டு எழும்பாத பெரியவர் ஒருவர், யானைக்கும் அடி சறுக்கும் என்று தேற்றினார்.

யானைக்கு இறக்கை கிடையாது என்று நினைத்துக்கொண்டார் கணவர்.

குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதைதான். ஆனாலும் அவர் எழுந்து போகவில்லை. அவருக்கு ஒரு பதில் தேவைப்பட்டது.

அன்று மனைவி கிளம்பிய நேரம், அவர் மகளுக்குத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தார். எதையும் பார்க்கவில்லை. இஞ்சின் சத்தம் நின்றதைக் கேட்டார். பிறகு வேலிப் பக்கமிருந்து வந்த சத்தத்தைக் கேட்டார்.

பார்த்தது மகள்தான். கூடாரத்தில் உட்கார்ந்து, அண்ணாந்து, எல்லாவற்றையும் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் சாப்பிடும்போதும் கேட்கிறாள், பல் தேய்க்கும்போதும் கேட்கிறாள். அம்மா ஏன் திரும்பினாள்?

கடைசியாகத் தலைவர் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பெட்ரோலும் இல்லை, தூக்கமும் இல்லை என்று மற்றவர்களை ஓரங்கட்டினார். பிறகு கணவரைப் பார்த்து, புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

“ஏறும்போது இஞ்சின் நின்னா திரும்பக் கூடாது சார், திரும்பினா விழுந்துடும். மூக்கை இறக்கிட்டு நேரா போகணும். ஓடுதளம் முடியிற இடத்துல புல்வெளியை எதுக்குக் காலியா விட்டிருக்கோம்? இதுக்குத்தானே. மேடம் பயந்துட்டாங்க, திரும்பிட்டாங்க. அவ்வளவுதான்.”

எல்லாத் தலைகளும் ஆடின. அப்பாடா, தப்பு கிடைத்துவிட்டது. யாரோ நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்தார்கள்.

“எந்தப் புல்வெளி சார்?” என்று கேட்டார் கணவர்.

குத்தலாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

தலைவர் காட்டுவதற்காகக் கையை நீட்டினார். கை பாதியில் நின்றது. எந்தப் பக்கம் நீட்டினாலும் நாற்காலிகளாக இருந்தன.

பல் டாக்டர் தன் காலடியில் இருந்த புல்லைப் பார்த்தார். நீட்டிய கால்கள் உள்ளே போயின. டீ ஆறுகிறது, எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றார் மேகம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

காற்றில் கூடாரத்தின் வாசல் துணி விலகியது.

ஓடுதளத்தின் நடுவே போட்டிருந்த வெள்ளைக் கோடு நேராகக் கணவரை நோக்கி வந்தது. அது முடிந்த பிறகும் அவர் கண் அதே போக்கில் தொடர்ந்து வந்து, கூடாரத்தின் முன்கம்பத்தில் முட்டி நின்றது.

அந்தக் கம்பத்தில், தான் இருக்கும் இடம் அம்மாவுக்கு மேலேயிருந்து தெரியட்டும் என்று மகள் அன்று கட்டிய மஞ்சள் பலூன், காற்று இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது.