மூன்று பியானோக்களும் ஒரு மாப்பிள்ளையும்

“இன்னொரு தடவை வாசி. அதே மெட்டு, இப்ப ரெண்டாவது பியானோவுல.”

தங்கை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்காவுக்கு மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

கூடத்தில் தங்கை கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கம்ப்யூட்டர். மவுஸும் கையுமாக மாப்பிள்ளை.

“வாங்க அண்ணி! நல்ல நேரத்துல வந்தீங்க. நீங்களே சொல்லுங்க, இதுல எது உசத்தி?”

“எதுல எது?”

“பியானோ சாஃப்ட்வேர். நிஜ கிராண்ட் பியானோவோட ஒவ்வொரு கட்டையையும் மெதுவா தட்டி, ஓங்கித் தட்டி, அத்தனையும் ரெக்கார்ட் பண்ணி அடைச்சிருக்காங்க. இந்தக் கீபோர்டுல வாசிச்சா அந்தப் பியானோ சத்தம் வரும். மூணு கம்பெனியோடதை இறக்கி வெச்சிருக்கேன். எதை வாங்கறதுன்னுதான் புரியல.”

தங்கை வாசித்தாள். வலது கை ஓடியது. இடது கை நொண்டிக்கொண்டே பின்னால் வந்தது. சுண்டு விரலுக்கு வேலை வந்த இடத்திலெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“ம்ஹூம். முதலாவது கணீர்னு இருந்துது. இது மூடி போட்ட மாதிரி இருக்கு. மூணாவதுல பெடல் மிதிக்கிற சத்தம்கூடக் கேட்கும் அண்ணி! சரி, மறுபடி முதல்லேர்ந்து.”

தங்கை மறுபேச்சில்லாமல் ஆரம்பித்தாள்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார் விபத்தில் நொறுங்கிய கை அது. நடனப் பள்ளியில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தவள், ‘இனி தொடவே மாட்டேன்’ என்று அழுதவள். அவளை உட்காரவைத்து இவருக்கு என்ன விளையாட்டு?

டீ போட அவர் சமையலறைக்குப் போனதும் பின்னாலேயே போனாள்.

“மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. உங்க கண்ணாடிக் கடையில லென்ஸை மாத்தி மாத்திப் போட்டு ‘இது தெளிவா, அது தெளிவா’ன்னு கேட்பீங்க, சரி. அதை வீட்டுலயுமா செய்யணும்? வலியில அவ முகம் போற போக்கைப் பார்த்தீங்களா? ஏதாவது ஒண்ணை வாங்கித் தொலைச்சா என்ன?”

அவர் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“போன மாசமே வாங்கிட்டேன் அண்ணி. மூணையும்.”

“என்னது?”

“எனக்கு மூணும் ஒரே மாதிரிதான் கேட்குது. இன்டர்நெட்ல படிச்சதை அப்படியே ஒப்பிக்கிறேன். கைக்குப் பயிற்சி பண்ணச் சொல்லி டாக்டர் ரப்பர் பந்து குடுத்தார். ‘இந்தக் கை இனிமே எதுக்கு’ன்னு தூக்கி எறிஞ்சா. அப்புறம்தான், ‘பியானோ வாங்க ஆசையா இருக்கு, நீதான் வாசிச்சுக் காட்டணும்’னு கெஞ்சினேன். எனக்காகன்னா உட்காருவா. இப்ப மோதிர விரல் மடங்குது. சுண்டு விரல்தான் பாக்கி. அதுக்குள்ள நான் எப்படி முடிவு பண்றது?”

அடுப்பில் பால் பொங்கியது. இருவருமே கவனிக்கவில்லை.

“வலிக்குதுன்னு தெரியும் அண்ணி. அவ உதட்டைக் கடிக்கிறப்பதான் நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கிறேன்.”

அக்கா அடுப்பை அணைத்தாள்.

கூடத்துக்கு வந்தபோது தங்கை விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டுக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீ குடுத்து வெச்சவடி. அந்த மனுஷனைப் போய்த் திட்டிட்டேனே. அவர்...” சொல்ல வந்ததைச் சட்டென்று விழுங்கினாள்.

“மூணையும் வாங்கிட்டார், அதானே?” தங்கை சிரித்தாள். “கம்ப்யூட்டரைத் திறந்தாலே தெரியுதேக்கா. அதுவும் இல்லாம, அவருக்குப் பியானோவுக்கும் சைக்கிள் மணிக்குமே வித்தியாசம் தெரியாது.”

“தெரிஞ்சுமா? அப்புறம் எதுக்குடி இவ்வளவு வலியைப் பொறுத்துக்கிட்டு வாசிக்கிறே?”

தங்கை சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

“அன்னிக்குக் கார் ஓட்டினது தான்தானேன்னு ராத்திரி பூரா விட்டத்தைப் பார்த்துக்கிட்டே படுத்திருக்கார்க்கா. நான் வாசிச்ச அன்னிக்குத்தான் மனுஷன் தூங்குறார்.”