தெருவுக்கொரு பயம்

கிணற்றடியில் நின்ற அரிகிருஷ்ணனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார் ராஜாங்கம். “என் பொண்ணு பி.எஸ்சி. படிச்சவடா! அவ கொண்டாந்த மருந்து விஷமா? எவன் சொன்னான், சொல்லு!”

“ஊரே சொல்லுது. சட்டைய வுடு மாமா, பட்டன் போவுது.”

மங்கைதான் அப்பாவின் கையை விலக்கினாள். செஞ்சியில் காலரா தலைகாட்டியதும், கிணறுகளுக்கு பிளீச்சிங் பவுடர் போட அவளைத் தற்காலிகமாக நியமித்திருந்தார்கள். சனிக்கிழமைக்குள் எல்லாக் கிணறும் முடிந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீடு.

கவனமாகத்தான் ஆரம்பித்தாள். டப்பாக்கள் வந்த அன்றே வீட்டுக்குள் வைத்து, மேலே ஒட்டியிருந்த எச்சரிக்கைக் காகிதங்களை ஊறவைத்துச் சுரண்டி அடுப்பில் போட்டாள். தண்ணீர் மொண்டு கொடுத்தது அப்பா. வெறும் தகர டப்பாவைத்தான் தெருவுக்கு எடுத்துப் போனாள்.

ஜைனர் தெருவில் மருதேவியம்மாள் கிணற்றுக்குக் குறுக்கே நின்றார். “ஒரு பூச்சி சாவக் கூடாதுன்னு தண்ணியத் துணியில வடிகட்டிக் குடிக்கிறவங்கம்மா நாங்க. நீ எலும்ப அரைச்சுக் கொட்ட வந்திருக்கியே?”

“எலும்பா? யாரும்மா சொன்னது?”

“டப்பா மேல மண்டையோடு போட்டிருந்துதாமே. பின்ன உள்ள இன்னா இருக்கும், சர்க்கரையா?”

அடுத்த தெருவில் எலும்பைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டுக்கால் கொதிக்கிற தெரு அது. அங்கே சுந்தராம்பாள் விளக்குமாற்றோடு வந்தாள்.

“மண்டையோடு போட்ட மருந்தாமே! குடிச்சா வயித்துல புள்ள தங்காதாம். என் மருமவ இப்பத்தான் முழுவாம இருக்கறா. மரியாதையா போயிடு!”

கடைத்தெருவுக்குப் போவதற்குள் அந்தப் பவுடர் சுடுகாட்டுச் சாம்பலாகியிருந்தது. “அந்தத் தண்ணியில டீ போட்டா எவன் பாப்பா குடிப்பான்?” என்றார் டீக்கடை பாண்டுரங்கன்.

சனிக்கிழமை ஆபீசர் மேசையில் மூன்று தெருவின் மனுக்களும் இருந்தன. எந்த விஷயத்திலும் ஒன்றுசேராத மூன்று தெருக்கள். “ஜனங்க ஒத்துக்கலியேம்மா. திங்கட்கிழமையிலேர்ந்து வேணாம்” என்றார் அவர். மங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

வீடு வரைக்கும் ராஜாங்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திட்டினார். “நன்றி கெட்ட ஜனங்க! மல்லாட்ட வாங்க இனிமே இவனுங்க வாசப்படி ஏறுவனா பாரு.”

மங்கை நடுத்தெருவில் நின்றுவிட்டாள். வேர்க்கடலைப் பேரத்துக்காக இருபது வருஷமாக மூன்று தெருவிலும் ஏறி இறங்குகிற மனிதர். எந்த வீட்டில் எதற்கு மிரளுவார்கள் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

“நைனா.”

“இன்னாம்மா?”

“மண்டையோடு போட்ட காயிதத்த நான் ஊட்லயே கொளுத்திட்டேன். அத ஊர்ல பாத்தது ரெண்டே பேரு. அதுல ஒருத்தி நானு.”

ராஜாங்கம் சைக்கிளை நிறுத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். ஒரு வாரமாக ஊரையே அதட்டிய குரல், அவளுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு இறங்கியது.

“உன்னப் பொண்ணு கேட்ட வல்லத்து மாப்ள வூட்ல, வேலைக்குப் போற பொண்ணு வாணாம்னுட்டாங்கம்மா.”