நம்ம பையனுக்கு ஆறு

டில்லிபாபு போனை நீட்டினான். அவன் வாங்கவில்லை.

"நீயே படி."

டில்லி படிக்கவில்லை. அதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

அடுத்த சீசனுக்கு யார் யாரை வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று ஃபுட்பால் கிளப் அறிவித்திருந்தது. எபியின் பெயர் இல்லை. அவன் ஆடுகிற வலது பக்கத் தடுப்பு, ரைட் பேக் இடத்துக்கு வேறொருத்தன் பெயர் இருந்தது. போன சீசனில் பாதி மேட்ச் பெஞ்சைத் தேய்த்தவன்.

போனை வாங்காதவனுக்கு எபி கூடப் பிறந்த தம்பி. வியாசர்பாடியில் இருந்து அந்தக் கிளப்புக்குப் போன ஒரே ஆள்.

கேபிள் ஆபீஸ் மாடி ரூமில் ஏரியா ரசிகர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள்.

கோச்சுக்குக் கண் இருக்கிறதா இல்லையா என்றான் ஒருவன். ஏஜென்ட் பண்ணுகிற வேலை இது என்றான் இன்னொருவன். டில்லி மேஜையைக் குத்தினான். எபி மாதிரி மேலே ஏறிப் போய், விழுந்தடித்துத் திரும்பி வந்து பந்தைப் பறிக்கிற ரைட் பேக் வேறு எவன் இருக்கிறான் என்றான்.

எபியின் அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இத்தனை நாள் இந்தப் பேச்சு எங்கே போயிருந்தது?

எங்கேயும் போகவில்லை. வாய்க்குள்ளேயே இருந்தது. அந்த ரூமின் வழக்கம் அப்படி.

ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் இங்கேதான் கூடுவார்கள். ஆடின ஒவ்வொருவனுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். சண்டை நடக்கும், டீ ஆறிப்போகும், ஒருவழியாக முடிவாகும். அது அவர்களுடைய ஃபேஸ்புக் பக்கத்தில் ஏறும். கிளப்பின் ரசிகர்கள் அத்தனை பேரும் அதைத் தேடிப் படிப்பார்கள். வியாசர்பாடிக்காரன் முகம் பார்த்து மார்க் போட மாட்டான் என்று பெயர்.

சும்மா வந்த பெயரா அது? அதற்காகவே எபிக்கு மட்டும் ஒன்று குறைப்பார்கள்.

எட்டு என்றால் ஏழு. ஏழு என்றால் ஆறு.

நம்ம பையனை நாமே தூக்கிவிட்டோம் என்று நாளைக்கு எவனும் வாய் திறக்கக் கூடாது பாருங்கள்.

ஒன்று குறைத்தது போதாது என்று மேற்கொண்டு குறைப்பவன் அவன்தான். அண்ணன்காரன் ஆயிற்றே. ஓரமாக ஏறி வரும் எதிரணி விங்கரை எபி நகரவே விடாத ஒரு மேட்சில் டில்லியே எட்டுக் கொடுக்க வந்தான். ஒரு த்ரோவைத் தப்பாகப் போட்டானே என்று அண்ணன் ஆறில் நிறுத்தினான். சொந்தத் தம்பிக்கே இப்படிப் போடுகிறானே என்று ரூமே அவனை மெச்சியது. அன்றைக்கு அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

தம்பி கதவைத் திறந்தான். முகத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது அண்ணன் டில்லியின் கையில் இருந்து போனைப் பிடுங்கினான். அந்தப் பக்கத்திலேயே கிளப்பை நாறடிப்பது என்று டைப் செய்ய ஆரம்பித்தான்.  திறமைக்கு மரியாதை இல்லையா என்று எழுதினான். உங்களுக்கு ஆட்டம் பார்க்கத் தெரியுமா என்று எழுதினான்.

எபி படியேறி வந்தான்.

கிளப் ஆபீசில் இருந்து நேராக வந்திருக்க வேண்டும். தோளில் பை இருந்தது. எல்லோரும் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். எபி பையைக் கீழே வைத்தான். உட்காரவில்லை.

"இன்னாடா சொன்னானுங்க?" என்றான் அண்ணன்.

"ஏன் சார்னு கேட்டேன். மேனேஜரு போன்ல நம்ம பேஜைத் தொறந்து காட்டினாரு. சீசன் முழுக்கக் கூட்டிப் பாரு, உங்க ஏரியாக்காரங்களே உன்னத்தான் கடைசியில வெச்சிருக்காங்கன்னாரு."

அண்ணன் போனில் இருந்து நிமிர்ந்தான்.

"அது... வெளிய எவனும் தப்பாப் பேசிடக் கூடாதுன்னு கொறைச்சதுடா. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ண்ணா."

"அத்தச் சொல்ல வேண்டியதுதான அவருகிட்ட?"

"சொன்னேன். சிரிச்சாரு."

எரிச்சல் யார் மேல் என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. மேனேஜர் மேலா, டில்லி மேலா, இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்த இந்தத் தம்பி மேலா. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா இவன்? சண்டை போட்டிருக்கக் கூடாதா? டைப் செய்த அத்தனையையும் அழித்தான்.

எபி தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டான்.

"வேற ஊரு கிளப் ஒண்ணு கூப்பிட்டிருக்கு. போய்ப் பாக்கப் போறேன். எடுத்துக்கினாங்கன்னா இங்கியே வந்து உங்களுக்கு எதிரா ஆடுவேன்."

பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

"அப்ப நான் அசலூர்க்காரன்தானண்ணா. மார்க்கு முழுசாப் போடுவீங்கல்ல?"

அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்டான்.



டில்லி பாய்ந்து வந்து எபியைக் கட்டிப்பிடித்தான். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது அவனுக்கு.

"இன்னா பேச்சுடா பேசுற? நீ எந்த ஊருக்குப் போனாலும் நம்ம புள்ளடா."

நம்ம புள்ள என்றால் மறுபடியும் ஒன்று குறையும். அண்ணன் வேண்டாம் என்று டில்லியின் தோளைப் பிடித்து இழுத்தான்.

அதற்குள் ரூமே ஆமாம் என்றது.