இஞ்சினை ஒட்டிய பெட்டி

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஏறியதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்குக் குழந்தைகளைப் பிடிக்காது என்றில்லை. ரயிலில் பிடிக்காது.

பட்டாபிராமிலிருந்து பட்டணத்துக்குத் தினமும் ஆபீஸ் போகிறவன் நான். இஞ்சினை ஒட்டிய மூன்றாம் வகுப்புப் பெட்டியில்தான் ஏறுவேன். கரித்தூள் கண்ணில் விழும், விசில் காதைக் கிழிக்கும். அதனாலேயே பிள்ளைகுட்டிக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். யுத்தச் செய்தியை ஒரு வரி விடாமல் நிம்மதியாகப் படிக்கலாம்.

பின்னால் இடம் இருக்கிறதே, குழந்தைக்கு அதுதான் நல்லது என்று நாசூக்காகச் சொல்லிப் பார்த்தேன். அந்த ஆள் கேட்கவில்லை. மனைவியை எனக்கு எதிரே ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தச் சந்தடியில், வண்டி புறப்பட ஊதியதை அவர்கள் கவனிக்கவில்லை.

ஒன்றரை வயது ஆண்பிள்ளை. கரித்தூள் படாமல் முந்தானையால் போர்த்தி மடியில் சாய்த்திருந்தாள்.

தம் பெயர் உலகநாதன், ஊர் குத்தம்பாக்கம், சொந்தமாக நாலு காணி நிலம் என்று அவராகவே ஆரம்பித்தார். பட்டணத்தில் அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லையாம். விசிலுக்காகத்தான் வந்திருக்கிறார்களாம்.

நான் விழித்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லை. அவருடைய தாயார் பின்னால் நின்று தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, செவிடுதான் என்று தீர்த்துவிட்டாள். முதல் பிள்ளையே இப்படியென்றால் இவள் வயிற்றில் இனிப் பிறப்பதும் இப்படித்தான் இருக்கும் என்று, பக்கத்து ஊரான வெள்ளவேட்டில் வேறு பெண்ணும் பார்த்து வைத்துவிட்டாள். விளையாட்டு மும்முரத்தில் திரும்பவில்லை என்று இவள், தாட்சாயிணி, அழுதிருக்கிறாள். ரயில் விசிலுக்கும் அசையாத பிள்ளை உண்டா, அதையும் பார்த்துவிடலாம் என்று உலகநாதன் கிளம்பிவிட்டார்.

பிள்ளை மிரண்டு அழுதால் சரி. அழாவிட்டால் நாளைக்கே இவளைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்.

சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மனைவியைக் கைவிட மனசில்லாத மனிதர். தாயார் பேச்சைத் தட்டவும் துப்பில்லாத மனிதர். அவள் எங்கள் இருவரையும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் இந்தப் பிள்ளை அழவேண்டுமே என்று நானே வேண்டிக்கொள்ளும்படி ஆயிற்று.

ஆவடியில் சிப்பாய்கள் ஏறினார்கள். இஞ்சின் வீறிட்டது. எல்லோரும் முகத்தைச் சுளித்தோம். விசில் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துப் பிள்ளை வீல் என்று கத்தியது.

கத்தல் என்றால் அப்படி ஒரு கத்தல். என்னைப்போலவே தினமும் போகிற செங்கல்வராயன், மூலையில் தூங்கிக்கொண்டிருந்தவர், எழுந்து உட்கார்ந்து, பிள்ளையை அடக்கத் தெரியாதவர்கள் ஏன் ரயில் ஏறுகிறார்கள் என்று வைதார். சிப்பாய் ஒருவன் இந்துஸ்தானியில் என்னவோ சொன்னான். உலகநாதன் ஒவ்வொருவராகப் பார்த்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். திட்டு வாங்கி அவ்வளவு பூரித்துப்போன மனிதரை நான் பார்த்ததில்லை. கண்ணெல்லாம் ஜலம். நான் விஷயத்தைச் சொன்னதும் செங்கல்வராயன் வெட்கப்பட்டு, மடியிலிருந்து கொஞ்சம் பொட்டுக்கடலை எடுத்துக் கொடுத்தார்.

அழுகை அடங்கியதும் உலகநாதனுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"ஊதி நின்ன அப்பாலதான அழுதான்? அடுத்த டேசன்ல இன்னொரு தபா பாத்துடலாம்."

"தூக்கக் கலக்கத்துல இருந்தான். அதான் சொணங்கிப்போச்சி," என்றாள் தாட்சாயிணி.

அதற்குப் பிறகு அவள் பிள்ளையைப் பார்க்கவே இல்லை. அம்பத்தூரில் வண்டி நின்றதும், கரித்தூளையும் பாராமல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கடைசிப் பெட்டிப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். உலகநாதன் பிள்ளையின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நானும்தான்.

பிள்ளை வீல் என்று கத்தியது.

இஞ்சின் ஊதவில்லை.

நான் எட்டிப் பார்த்தேன். கடைசிப் பெட்டியருகே கார்டு பச்சைக் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார். கொடி ஆடியதும் டிரைவர் ஊதுவதுதான் வழக்கம். இன்றைக்கு மூட்டை முடிச்சோடு ஒரு குடும்பம் ஓடிவருவதைப் பார்த்து, பாவம் என்று பொறுத்திருக்கிறார்.

இந்தத் தடவை யாரும் வையவில்லை.

உலகநாதன் முந்தானையை விலக்கினார். பிள்ளையின் தொடையில் அவள் விரல்கள் இன்னும் அழுந்தியிருந்தன. பக்கத்திலேயே ஆவடியில் பதிந்த நகக்குறி கன்றிப்போயிருந்தது.

அவர் அவள் கையை எடுத்து அவள் மடியிலேயே வைத்தார்.

அப்புறம்தான் இஞ்சின் ஊதியது. அவ்வளவு நீளமாக அது என்றைக்கும் ஊதியதில்லை. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

பிள்ளை தேம்பலை நிறுத்தி என்னைப் பார்த்தது. நான் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்து, விசில் நிற்கும்வரை சிரித்துக்கொண்டே இருந்தது.