கூம்புச் சங்கின் வாய்

வலையில் வந்த கூம்புச் சங்கைக் கொடுக்கும்போதே மீனவர் சொன்னார்: “உள்ள விரல் விட்டுராதீங்க சார். நத்தை உசுரோட இருந்தா விஷ ஊசியால குத்திரும்.” ரீகன் பயந்துபோய், அதைக் கழுவாமலே சாப்பாட்டு மேசையருகே அலமாரியில் வைத்தான்.

சில நாளில் வீடே பிண வாடை அடித்தது. அவன் மனைவி ஹில்டா மூக்கைப் பொத்திக்கொண்டு, படுக்கையில் கிடந்த மாமனாரைப் புரட்டிப் புரட்டி டெட்டால் போட்டுத் துடைத்தாள். “நான் இல்லம்மா” என்றார் அவர். நாற்றம் போகவில்லை.

அவரை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு வந்து, மெத்தையை எரித்துவிட்டு, இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். “இப்பதான் மூச்சு விட முடியுது” என்றான் ரீகன். அவன் தலைக்குப் பின்னால், சங்கின் வாயிலிருந்து வெள்ளைப் புழுக்கள் நெளிந்து இறங்கின. ஹில்டா எழுந்துபோய் அவற்றைத் துணியால் துடைத்தாள். சங்கைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, அவனுக்குக் குழம்பு ஊற்றினாள்.